சீருடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள், சீருடைக்குப் பின் நாற்பது: குடகின் கரியப்பா

மைசூரு: மைசூரு ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில் மெட்ரோபோல் சந்திப்பு இருக்கிறது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தம்மைக் காண வரும் வெள்ளைக்கார விருந்தினர்களுக்காக 1920-இல் கட்டிய மாளிகையின் பெயரால் அந்தச் சந்திப்பு அறியப்பட்டது. மாநகராட்சியின் ஏட்டில் அதற்கு ஃபீல்டு மார்ஷல் கே.எம். கரியப்பாவின் பெயர். ஆட்டோ ஓட்டுநரிடம் கரியப்பா சதுக்கம் என்றால் ஒரு கணம் யோசிப்பார். மெட்ரோபோல் என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். ஹுன்சூர் சாலை இங்கிருந்துதான் பிரிந்து செல்கிறது. அதே சாலையில் ஏறக்குறைய 120 கிலோ மீட்டர் மேற்கே போனால் மடிக்கேரி. அந்தப் பெயருக்கு உரியவர் தமது கடைசிக் காலத்தைக் கழித்த ஊர்.

தில்லியில் அவர் பெயர் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நினைவுகூரப்படுகிறது. ஜனவரி 15-ஆம் தேதி ராணுவ தினம். 1949-இல் அன்றைய தினம்தான் பிரிட்டிஷ் தளபதி பிரான்சிஸ் ராய் புச்சரிடமிருந்து இந்திய ராணுவத்தின் தலைமைப் பொறுப்பைக் கரியப்பா ஏற்றார். தில்லி கன்டோன்மென்டில் அணிவகுப்பு நடந்துவந்த மைதானத்துக்கும் அவர் பெயரே. 2023-இல் அந்த அணிவகுப்பு முதன்முறையாகத் தலைநகரை விட்டுப் பெங்களூருக்குச் சென்றது. முதல் இந்தியத் தலைமைத் தளபதி என்ற ஒற்றை வரியோடு செய்தியாளர்களாகிய நாங்களும் அந்த நாளைக் கடந்துவிடுகிறோம். அந்த வரியில் பிழையில்லை. ஆனால் கரியப்பா சீருடையில் இருந்தது முப்பத்து மூன்று ஆண்டுகள். சீருடையைக் கழற்றிய பின் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகள். இரண்டாவது கணக்குத்தான் அதிகம் பேசப்படாதது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய் என்ன ஆகிறான் என்ற கேள்வி, அந்த நாற்பது ஆண்டுகளில் அவர் கையிலெடுத்த பணிகளில் முக்கியமானது. நாடாளுமன்றத்தில் இன்றும் முடிவுக்கு வராத கேள்வி அது.

கொடந்தேரா மாதப்பா கரியப்பா 1899 ஜனவரி 28-ஆம் தேதி குடகு நாட்டின் சனிவாரசந்தேயில் பிறந்தார். தந்தை வருவாய்த் துறை ஊழியர். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. அதன் பின் சென்னை மாநிலக் கல்லூரி. கடற்கரைச் சாலையிலுள்ள அந்தக் கல்லூரியில் அவர் பயின்றதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். படிப்பு முடியும் காலத்தில் முதல் உலகப் போர் ஓய்ந்துகொண்டிருந்தது. இந்தியர்களுக்கும் அதிகாரி நிலையில் ராணுவப் பணி வழங்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்கு லண்டன் அரைமனதுடன் இணங்கிய நேரம். இந்தூரில் டேலி கல்லூரியில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வான இளைஞர்களில் கரியப்பாவும் ஒருவர். 1919 டிசம்பர் 1-ஆம் தேதி அதிகாரியாகப் பணியேற்றார். முதலில் சேர்ந்தது 88-ஆவது கர்நாடிக் காலாட்படை. பழைய சென்னை ராணுவத்தின் வழிவந்த படை அது.

ஹைஃபாவிலிருந்து திரும்பியவர்கள்

அவர் படையில் சேர்ந்த சமயத்தில் மைசூரு வீதிகளில் வேறொரு தலைமுறை வீடு திரும்பிக்கொண்டிருந்தது. 1918 செப்டம்பர் 23-ஆம் தேதி பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுக நகரைத் துருக்கியப் படையிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஜோத்பூர், மைசூரு குதிரைப்படை வீரர்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருக்க, ஈட்டியும் வாளும் ஏந்திக் குதிரை மீது பாய்ந்து சென்று பிடித்த நகரம் அது. இன்றும் செப்டம்பர் 23-ஐ ஹைஃபா தினமாக இந்திய ராணுவம் கடைப்பிடிக்கிறது. தில்லியில் மூன்று வெண்கலச் சிலைகள் நிற்கும் தீன்மூர்த்தி நினைவிடம் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூரு ஆகிய மூன்று சமஸ்தானப் படைகளுக்காக 1922-இல் எழுப்பப்பட்டது. பின்னாளில் பிரதமர் நேரு குடியேறிய மாளிகைக்கு அந்தச் சிலைகளே பெயர் தந்தன. நாடாளுமன்றச் செய்தி சேகரிக்கப் போகும் வழியில் எத்தனையோ முறை அந்தச் சந்திப்பைக் கடந்திருக்கிறேன். மூவரில் ஒருவர் மைசூருக்காரர் என்பதை அறிய எனக்கே பல ஆண்டுகள் பிடித்தன. 2018-இல் அந்தச் சந்திப்புக்கு தீன்மூர்த்தி ஹைஃபா சவுக் என்று பெயர் மாற்றப்பட்டது.

முதல் உலகப் போரில் கடல் கடந்து அனுப்பப்பட்ட இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்கே போனார்கள். இளம் அதிகாரி கரியப்பா 1920-இல் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே நெப்பியர் ரைபிள்ஸ், டோக்ரா ஆகிய படைகளில் பணி. 1923-இல் ராஜபுத்திர ரெஜிமெண்டில் சேர்ந்தார். அதுவே அவரது நிரந்தரத் தாய்ப்படை. பிறகு வசீரிஸ்தான் எல்லை மலைகளில் பழங்குடியினருடன் மோதல்கள்.

பதவி உயர்வு அவருக்கு விரைந்து வரவில்லை. வெள்ளை அதிகாரிகளின் உணவு மன்றங்களில் இந்திய அதிகாரி விருந்தாளி போலவே நடத்தப்பட்ட காலம். பதவி ஒன்றே ஆனாலும் படிகளில் வேறுபாடு உண்டு. இதை அவர் மேலிடத்தில் எடுத்துச் சொல்லத் தயங்கியதில்லை. 1933-இல் குவெட்டா பணியாளர் கல்லூரியில் பயிற்சி பெற்ற முதல் இந்திய அதிகாரி அவர். அந்தப் பயிற்சி முடித்த வெள்ளையருக்கு உடனே கிடைக்கும் பதவி, இவருக்குச் சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரே கிடைத்தது.

இந்தப் புறக்கணிப்புகள் அவரை ஆங்கிலேயருக்கு எதிரியாக்கவில்லை. நடை, உடை, பேச்சு எல்லாவற்றிலும் அவர் முழு ஆங்கில கனவான். சக அதிகாரி ஒருவரின் மனைவிக்கு அவர் பெயர் வாயில் நுழையாமல் போக, கிப்பர் என்று அழைத்தார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது. அவரது இந்துஸ்தானியைக் கேட்டுச் சிப்பாய்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்ட கதைகள் ராணுவத்தில் இன்னும் உலவுகின்றன.

அரிசியும் காலணியும் கணக்கிட்டவர்

இரண்டாம் உலகப் போரில் கரியப்பாவின் பணி எப்படிப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குண்டுமழைக்கு நடுவே முன்னின்று படை நடத்திய வீரகாதைகள் அவருக்கு அதிகமில்லை. 1941-42-இல் இராக், சிரியா, ஈரான் களங்களில் இருந்த 10-ஆவது இந்திய டிவிஷனில் அவர் ஆட்களையும் தளவாடத்தையும் கவனிக்கும் பணியாளர் அதிகாரி. டிவிஷனின் தளபதி, பின்னாளில் பர்மாவில் 14-ஆவது படையை நடத்திய வில்லியம் ஸ்லிம். அங்கு ஆற்றிய பணிக்காகக் கரியப்பாவின் பெயர் போர் அறிக்கையில் சிறப்பித்துக் குறிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ராஜபுத்திர இயந்திரத் துப்பாக்கி பட்டாலியனின் கட்டளைப் பொறுப்பு வந்தது. பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் படையுடன் களம் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

1943 ஆகஸ்டில் பர்மா எல்லையில், அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்கொண்டிருந்த 26-ஆவது இந்திய டிவிஷனுக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் அதே வகைப் பொறுப்பு: வீரர்களின் உணவு, உடை, தங்குமிடம், சம்பளம், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல், இறந்தவர் பற்றிய ஏடுகள். அரக்கானின் மழையிலும் சேற்றிலும் கோவேறு கழுதை மீது ஏற்றிய அரிசி மூட்டை முன்னணிக்குப் போய்ச் சேர்வதே ஒரு போர். குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவில் படுத்தவர்கள் பன்மடங்கு. அந்தப் பணிக்காக 1945-இல் ஓ.பி.இ. விருது பெற்றார்.

ஒரு சிப்பாயின் வாழ்வை அவனது துப்பாக்கி வழியாகப் பார்க்கும் தளபதி உண்டு. அவனது காலணி வழியாகப் பார்ப்பவரும் உண்டு. கரியப்பா இரண்டாம் வகை. பின்னாளில் முன்னாள் படைவீரர்களின் பென்ஷன் கோப்புகளோடு அவர் மன்றாடியதற்கு விதை இந்தப் போர்க்கால மேசையில்தான் விழுந்தது என்று கருத இடமிருக்கிறது.

போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தின் எண்ணிக்கை 25 லட்சத்தை எட்டியிருந்தது. அத்தனை பேரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதியினரைக் கலைத்து அனுப்ப வேண்டியிருந்தது. போருக்குப் பிந்திய ராணுவத்தின் அமைப்பை ஆராய்ந்த குழுவில் கரியப்பா இடம்பெற்றிருந்தார். பத்து, பதினைந்து ஆண்டுகள் பணி முடித்தவன்தான் ஓய்வூதியம் பெற முடியும்; 1942-இல் சேர்ந்து 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்கு அது கிடையாது. கையில் கொஞ்சம் பணம், மார்பில் ஒன்றிரண்டு பதக்கம், ஊருக்கு ரயில் பயணச் சீட்டு. அப்படி வந்திறங்கியவர்களில் வேலூர், வட ஆர்க்காடு கிராமத்துக்காரர்களும் உண்டு; குடகின் காப்பித் தோட்டங்களுக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் பிற்காலத்தில் தமிழகம் உள்ளிட்ட மாநில அரசுகள் மாதாந்திர உதவித் தொகை வழங்க முன்வந்தன. அந்தத் தொகை வந்தபோது பலர் இல்லை.

பிரிகேடியராக உயர்ந்து 1945 நவம்பரில் பன்னு எல்லைப் பிரிகேடின் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழே பணியாற்றிய அதிகாரிகளில் அயூப் கான் என்பவரும் ஒருவர். அந்தப் பெயர் இருபது ஆண்டுகள் கழித்து மறுபடி வரும்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர் சிறை முகாம்களில் அடைக்கப்பட்டிருந்ததும் அக்காலத்தில்தான். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்தப் படையில் பெருந்திரளாக இருந்தார்கள் என்பது தமிழகம் அறிந்தது. முகாம் ஒன்றைப் பார்வையிட்ட கரியப்பா, அங்கிருந்தவர்களின் நிலை கண்டு வருந்தி, வசதிகளைச் சீர்ப்படுத்தவும், குற்றம் புரியாதவர்களை விடுவிக்கவும் தில்லிக்கு எழுதினார். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் அவர்களை மீண்டும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை உறுதியாக எதிர்த்தவரும் அவரே. ஒரு முறை ஏற்ற சத்தியத்தை மீறியவர்களைத் திரும்பச் சேர்த்தால் ராணுவத்தின் கட்டுக்கோப்பு குலையும் என்பது அவர் வாதம். இந்த முடிவுக்காக அவரைக் குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வீரர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் இடம்பெற 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காஷ்மீரிலிருந்து தலைமைக்கு

பிரிவினையின்போது ராணுவத்தைப் பங்கு பிரிக்கும் பணியில் கரியப்பா ஈடுபட்டார். நேற்றுவரை ஒரே சமையலறையில் சாப்பிட்ட கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்தன. அதே ஆண்டில், அகிம்சை இன்றைய சூழலில் நாட்டைக் காக்காது என்ற பொருளில் அவர் லண்டனில் பேசியதற்குக் காந்தியடிகள் ஹரிஜன் இதழில் மறுப்பு எழுதினார். பின்னர் அடிகளை நேரில் சந்தித்து, வீரர்களுக்கு அகிம்சையின் உணர்வை எப்படிப் புகட்டுவது என்று வழி கேட்டார் கரியப்பா. வாதத்தை வளர்க்கவில்லை, வழி கேட்கப் போனார். அவர் குணத்துக்கு அது ஓர் அடையாளம்.

1948 ஜனவரியில் காஷ்மீர்ப் போரை நடத்தும் மேற்குப் பகுதிக் கட்டளை அவரிடம் வந்தது. முன்னணித் தலைமையகத்தை ஜம்முவுக்கு மாற்றினார். ஸ்ரீநகர் பக்கப் பொறுப்பை இன்னொரு குடகுக்காரரான கே.எஸ். திம்மையாவிடம் கொடுத்தார். நவம்பர் 1-ஆம் தேதி, 11 ஆயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் ஜோஜிலா கணவாயில் டாங்கிகள் ஏறின. அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரி எண்ணியிருக்கவில்லை. அம்மாதமே லே நகருக்கான பாதை திறக்கப்பட்டது. 1949 புத்தாண்டு நாளில் போர் நிறுத்தம். இரு வாரங்களில் கரியப்பா தலைமைத் தளபதி. அப்போது அவருக்கு ஐம்பது வயது நிறைய இரு வாரம் குறைவு.

தலைமைப் பதவியில் இருந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்தவை பல. ஒரு சாதி, ஓர் இனம் என்று ஆள் எடுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, எல்லோரும் சேரக்கூடிய கார்ட்ஸ் படைப்பிரிவை 1949-இல் அமைத்தார். பிராந்திய ராணுவம் அதே ஆண்டு தொடங்கப்பட்டது. முன்னாள் வீரர்களுக்கும் போர் விதவைகளுக்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கொடிநாள், டிசம்பர் 7 என்று நிச்சயிக்கப்பட்டதும் 1949-இல்தான். பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சிறு காகிதக் கொடியின் வயது ராணுவ தினத்தின் வயதேதான்.

சமஸ்தானப் படைகள் இந்திய ராணுவத்தோடு இணைக்கப்பட்டதும் அவர் காலத்து வேலை. முதலாம் மைசூரு காலாட்படை, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 18-ஆவது பட்டாலியன் ஆயிற்று. அதன் பயிற்சித் தலைமையகம் நீலகிரியின் வெலிங்டன். ஹைஃபாவில் பாய்ந்த மைசூரு குதிரைப்படை, கரியப்பா ஓய்வு பெற்ற ஆண்டான 1953-இல் மற்ற சமஸ்தானக் குதிரைப்படைகளுடன் சேர்க்கப்பட்டு 61-ஆவது குதிரைப்படையாக மாறியது. குடியரசு தின அணிவகுப்பில் நாம் பார்க்கும் குதிரைகள் அந்தப் படையுடையவை.

ராணுவத்தை அரசியலிலிருந்து விலக்கி நிறுத்தியவர் என்று அவரைப் போற்றுவது வழக்கம். முழு உண்மை சற்று சிக்கலானது. பொருளாதாரம், நாட்டு நடப்பு என்று பொது மேடைகளில் அவர் தாராளமாகப் பேசினார். 1952-இல் பிரதமர் நேரு அவருக்குக் கடிதம் எழுதி, பத்திரிகையாளர் சந்திப்புகளைக் குறைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்த வேண்டியிருந்தது. 1953 ஜனவரி 14-ஆம் தேதி ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கான தூதராக அனுப்பப்பட்டார். மக்கள் செல்வாக்குள்ள தளபதியைச் சற்றுத் தூரத்தில் வைப்பது நல்லது என்று தில்லி நினைத்திருக்கலாம். 1956-இல் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி குடகு தனி மாநிலம் என்ற தகுதியை இழந்து மைசூரு மாநிலத்தில் இணைந்தது.

ஊருக்குத் திரும்பியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. மடிக்கேரியில் ரோஷனாரா என்ற வீட்டில் குடியேறினார். பெரிய பதவிகளில் இருந்தவர்கள் அந்த வயதில் தோட்டம், புத்தகம் என்று ஒதுங்குவார்கள். அவர் ஒதுங்கவில்லை. முன்னாள் வீரர்களின் குறைகளைக் கேட்டார். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை: வராத பென்ஷன், கிடைக்காத மருத்துவம், பணி ஆவணத்தில் தவறிய ஒரு தேதி. சிறியவை என்பது நமக்கு. கேட்டு வந்தவனுக்கு அதுதான் வாழ்வு. இந்தக் குறைகளை நாடு முழுவதும் ஒரே குரலாக எழுப்ப 1964-இல் இந்திய முன்னாள் படைவீரர் கழகம் உருவாக முன்னின்றவர் கரியப்பா. 35 வயதிலும் 40 வயதிலும் வீட்டுக்கு அனுப்பப்படும் சிப்பாய்க்கு மறு வேலை தேடித் தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று வலியுறுத்திவந்தார்.

மகனும் மற்ற மகன்களும்

1965 செப்டம்பர் 22. இந்தியா, பாகிஸ்தான் போர் முடிவுக்கு வர ஒரு நாள் இருந்தது. ஹன்டர் ரக விமானம் ஒன்று பாகிஸ்தான் எல்லையில் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி முதுகெலும்பில் காயத்துடன் பிடிபட்டார். பெயர் கே.சி. கரியப்பா; தளபதியின் மகன். பாகிஸ்தானின் அதிபர் அப்போது அயூப் கான், பன்னுவில் கரியப்பாவின் கீழ் இருந்த அதே அதிகாரி. மகன் நலமாக இருப்பதாகப் பழைய மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினார்; தனிக் கவனிப்புக்கும் ஏற்பாடு செய்ய முன்வந்தார். போர்க் கைதிகள் அனைவரும் தம் பிள்ளைகளே என்றும், தம் மகனுக்கென்று தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்றும் கரியப்பா பதில் சொன்னார். மகன் மற்றக் கைதிகளோடு 1966 ஜனவரியில்தான் நாடு திரும்பினார். பின்னாளில் விமானப்படையில் ஏர் மார்ஷலாக உயர்ந்து, தந்தையின் வரலாற்றை நூலாகவும் எழுதினார்.

இந்த நிகழ்ச்சி பாடப்புத்தகக் கதை போல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மெருகேறிவிட்டது. அதன் கடுமை நம் கவனத்துக்கு வருவதில்லை. அறுபத்தாறு வயதுத் தந்தை, ஒரே மகன், உடல்நிலை எப்படி என்று முழுதாகத் தெரியாது. அந்தப் போரிலும் 1971 போரிலும் அவர் முன்னணிப் பகுதிகளுக்குச் சென்று வீரர்களைச் சந்தித்தார்.

1971-இல் அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்கு நினைவில்லை. மக்களவைத் தேர்தலில் மும்பையில் போட்டியிட்டார்; தோற்றார். ராணுவம் அரசியலை அண்டக்கூடாது என்றவர் தாமே வாக்குக் கேட்டு நின்றது முரண் என்று அப்போது பேசப்பட்டது. ஓய்வு பெற்ற குடிமகன் தேர்தலில் நிற்பதில் தவறில்லை என்பது ஒரு வாதம். நாட்டு ஆட்சி முறை பற்றி அவ்வப்போது அவர் உதிர்த்த கருத்துகளும் சர்ச்சைக்கு உள்ளாயின. அரசியல் அவருக்குக் கைவரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

நாட்டின் உயர்ந்த ராணுவப் பட்டமான ஃபீல்டு மார்ஷல் பதவியை 1986 ஏப்ரல் 28-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அவருக்கு அளித்தார். ஓய்வு பெற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன, வயது எண்பத்தேழு. 1973-இல் முதலில் அந்தப் பட்டம் பெற்றவர் சாம் மானெக்ஷா. ஃபீல்டு மார்ஷல் ஓய்வு பெறுவதில்லை. ஆயுள் முழுவதும் பணியில் உள்ளவராகவே கருதப்படுவார் என்பது மரபு. குன்னூரில் குடியிருந்த மானெக்ஷாவுக்கு அதற்குரிய நிலுவைத் தொகை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், 2007-இல்தான் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷலின் கோப்பே அவ்வளவு நாள் நகராமல் கிடந்தது என்றால் மைசூரு மாவட்டத்துக் கிராமத்தில் இருக்கும் ஹவில்தாரின் கோப்பு எந்த அலமாரியில் இருக்கும்?

அந்த ஹவில்தாரின் பிரச்சினைதான் நாடாளுமன்றத்தில் ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்ற பெயரில் பல கூட்டத் தொடர்களை ஆக்கிரமித்தது. 1973-இல் மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் சிப்பாய்களின் ஓய்வூதிய விகிதம் குறைக்கப்பட்டது என்பது முன்னாள் வீரர்களின் தீராத மனக்குறை. 1980-இல் ஓய்வு பெற்ற சுபேதாரும் 2000-இல் ஓய்வு பெற்ற சுபேதாரும் ஒரே காலம் பணியாற்றியும் வெவ்வேறு தொகை பெற்றார்கள். 2011 டிசம்பரில் பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, அவர்கள் கோரிக்கை நியாயமானதே என்று அறிக்கை அளித்தது. 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஏற்பு அறிவித்தார். ஆட்சி மாறியது. 2015 கோடையில் முன்னாள் வீரர்கள் ஜந்தர் மந்தரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எண்பது வயதுக்காரர்கள் பதக்கங்களை அணிந்து வெயிலில் அமர்ந்திருந்த காட்சியைத் தில்லிச் செய்தியாளர்கள் எளிதில் மறக்க முடியாது. 2015 நவம்பர் 7-ஆம் தேதி அரசாணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும் என்றது. ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஏற்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒரு பங்கினர் மட்டும் தொடர்வர். மற்றவர்களுக்கு ஒட்டுமொத்தத் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. படையை இளமையாக வைத்திருக்க இது தேவை என்கிறது அரசு. வீட்டுக்குத் திரும்பும் இளைஞனுக்கு என்ன வழி என்று கேட்கின்றன எதிர்க்கட்சிகள். 1946-இல் நான்காண்டுப் போருக்குப் பின் ரயிலேறி ஊர் திரும்பியவனைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுவே.

கரியப்பாவின் கடைசி ஆண்டுகள் நோயில் கழிந்தன. மூட்டு வலி, இதயக் கோளாறு. பெங்களூர் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்தார். 1993 மே 15-ஆம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது தொண்ணூற்று நான்கு. உடல் மடிக்கேரிக்குக் கொண்டுவரப்பட்டது. இரு நாள்கள் கழித்து நடந்த இறுதிச் சடங்கில் முப்படைத் தளபதிகளும் ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவும் நின்றார்கள். பாகிஸ்தான் சிறையிலிருந்து மற்றவர்களோடு வரிசையில் திரும்பிவந்த அந்த மகன் சிதைக்குத் தீ மூட்டினார்.